பல் மருத்துவர் பதில்கள்: பி.டி.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறீர்களா?

(கும்பகோணத்தில் 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: இரண்டாம் முறை நீட் எழுதினேன். என் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது, பி.டி.எஸ். கிடைக்கலாம் என்கிறார்கள். "பல் டாக்டர்தானே! இன்னொரு வருடம் படித்து எழுது" என்கிறார் பெரியப்பா. என் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் நான்தான் அவருக்குக் காஜா எடுத்துக் கொடுப்பேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.
- மாணவி, மன்னார்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, காஜா எடுப்பேன் என்ற வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

1992-இல் நானும் எம்.பி.பி.எஸ். கேட்டு, பி.டி.எஸ். கிடைத்து, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்லூரி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. சேர்ந்த புதிதில், என்ன படிக்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் "மெடிக்கல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டும். எனக்கு வந்தது மேல்தாடைக் கோரைப்பல். வாயில் இருக்கும் பற்களிலேயே நீளமானது அதுதான். இரண்டு இரவு விழித்துச் செதுக்கி, வழவழவென்று தேய்த்துக் கொண்டுபோனேன். பேராசிரியர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இடப்பக்கப் பல்லா, வலப்பக்கப் பல்லா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோரைப்பல்லின் கூர்நுனியிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு இறங்கும். வாயின் நடுக்கோட்டைப் பார்த்த சரிவு கொஞ்சம் குட்டை, கடைவாய்ப் பக்கச் சரிவு கொஞ்சம் நீளம். நான் இரண்டையும் ஒரே அளவில் செதுக்கியிருந்தேன். அது எந்த மனிதரின் வாயிலும் எந்தப் பக்கத்திலும் பொருந்தாத பல். மறுபடி செதுக்கினேன். அந்தச் சிறு வித்தியாசம் கைக்குப் பிடிபட்ட மாலையில்தான் இந்தப் படிப்பு என்னுடையதாயிற்று.

காஜா எடுக்கிறவருக்கு இது நன்றாகப் புரியும். ஒரு நூலிழை தள்ளி வெட்டினாலும் பொத்தான் நிற்காது. உங்கள் கைக்கு அந்தப் பொறுமை ஏற்கெனவே வந்திருக்கிறது. அதில் உங்களுக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த பல் மருத்துவர் யாராவது இருந்தால் அனுமதி கேட்டு ஒரு மாலை முழுவதும் அவர் அருகில் நின்று பாருங்கள். எச்சில், ரத்தம், வாய் நாற்றம், அழுகிற குழந்தை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மறுநாள் போகத் தோன்றினால், கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் பி.டி.எஸ். கல்லூரிகளை மனதாரச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரிகள் சென்னையிலும், சிதம்பரத்திலும், 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டையிலும் இருக்கின்றன.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவம். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் உண்டு. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் அறுவை மருத்துவமும் படித்துத் தேர்வு எழுத வேண்டும். சர்க்கரை நோயாளிக்கோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்று தெரிந்தவர் யாரும் "பல் டாக்டர்தானே" என்று சொல்லமாட்டார்கள். வாய்ப் புற்றை முதலில் கண்ணால் காண்பதும் பல நேரம் நாங்கள்தான்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. முடித்தவுடன் கை நிறையச் சம்பாதிக்க முடியாது. நான் முதல் மூன்று ஆண்டுகள் இன்னொருவரின் மருத்துவமனையில் மாலை நேரம் வேலை பார்த்தேன். சொந்தமாக வைக்க நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே என்று கடன் வாங்கத்தான் வேண்டும். அரசுப் பணிக்கு எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆள் எடுக்கிறார்கள், ஆனால் இடங்கள் குறைவு. மேற்படிப்பான எம்.டி.எஸ். மூன்று ஆண்டுகள். அதற்கும் தனி நீட் உண்டு.

மூன்றாம் முறை எழுதுவது பற்றி: நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. இரண்டு முறையும் எதில் விட்டீர்கள் என்று விடைத்தாளை வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பாடத்தில் சறுக்கியிருந்து, அதைச் சரிசெய்ய வழியும் தெரிந்து, பொது மருத்துவராவதே கனவு என்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துகொண்டு, மனதை வேறெங்கோ வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை சேர்க்கைக் கையேட்டிலேயே இருக்கிறது. பணம் போவதைவிட, உண்மையாகப் படிக்க விரும்பிய வேறொரு பிள்ளையின் இடம் வீணாவதுதான் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தான். ஏழு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கலாமா?
- ஒரு தந்தை, அறந்தாங்கி

பதில்: முடியாது, ஐயா. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பள்ளியில் எப்படியாவது சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் பையனின் சேர்க்கையே போய்விடும்.

பொதுத் தரவரிசையில் அவனுக்கு உரிய சாதி ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எல்லாம் பார்த்து முடிய நாளாகும்.

சான்றிதழ்களில் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என் மதிப்பெண் பட்டியலில் ஒரு இன்ஷியல், சாதிச் சான்றிதழில் வேறொரு இன்ஷியல். பள்ளியில் யாரோ செய்த பிழை. சென்னைக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அப்பா அன்றிரவே திருவள்ளுவர் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி, திருத்தி வாங்கி, மறுநாள் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். காகிதம் கசங்கிவிடக் கூடாது என்று சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். வியர்வையில் அதன் ஓரம் நனைந்திருந்தது. உங்களுக்கு அந்த இரவு வர வேண்டாம்.

கேள்வி: நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள். பல் மருத்துவ நாற்காலி வலதுகைக்காரர்களுக்கானது என்று சொல்லி என்னை விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறார்கள்.
- மாணவி, திருநெல்வேலி

பதில்: விண்ணப்பியுங்கள். நாற்காலி விஷயம் பெரும்பாலும் உண்மைதான். கருவித் தட்டும் துளைக்கும் கருவியும் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். என் வகுப்பில் இடதுகைக்காரி ஒருத்தி இருந்தாள். நாங்கள் நோயாளியின் வலப்பக்கம் உட்கார்ந்தோம், அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். கருவியின் குழாயைக் குறுக்கே இழுத்துப் பிடித்து வேலை செய்ய முதல் மாதம் திணறினாள். பிறகு பழகிவிட்டது. இன்று அவள் வேர் சிகிச்சையில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவள். இருபக்கமும் மாற்றிவைக்கக்கூடிய நாற்காலிகளும் இப்போது விற்கிறார்கள்.

சேர்ந்த முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பொம்மைத் தலையில் பயிற்சி தொடங்கும்போதே உங்களுக்கு இடப்பக்கம் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வலது கையால் பழக மட்டும் முயலாதீர்கள்.