"சாகணும் போல இருக்கு"ன்னு பக்கத்துல ஒருத்தங்க சொன்னா… வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அக்கா, நான் எங்க ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுல ஊக்குநரா இருக்கேன். குழுவுல ஒரு பொண்ணு கடன் தொல்லையில "இனிமே நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, எங்க யாருக்கும் என்ன பேசறதுன்னே தெரியல. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதுக்கு டிரெய்னிங் குடுக்க முடியுமா? நேராக் கேட்டா நாமளே அந்த எண்ணத்த உண்டாக்கிடுவோமோன்னு பயமா இருக்கு.
– வாசகி, ஆண்டிப்பட்டி

பதில்: முதல்ல அந்த பயத்த விடுங்கம்மா. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராக் கேக்கறதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வந்துடாது, இத எத்தனையோ ஆய்வுல பாத்துட்டாங்க. சொல்ல வழியில்லாம உள்ளயே வெச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒருத்தர் பயப்படாம கேட்டதே பெரிய ஆறுதல். "குரைக்கிற நாய் கடிக்காது, சும்மா மிரட்டுறா"ன்னு ஊர்ல சொல்வாங்க பாருங்க, அதத்தான் நான் ரொம்ப ஆபத்தா நெனைக்கிறேன், ஏன்னா உயிர விட்டவங்கள்ல நெறைய பேரு முன்னாடியே யார்கிட்டயாவது ஏதோ ஒரு விதத்துல சொல்லியிருக்காங்க.

டிரெய்னிங் தாராளமா குடுக்கலாம். ஜிம்பாப்வேல டிக்சன் சிபாண்டானு ஒரு மனநல டாக்டர், நாட்டுலயே டாக்டருங்க ரொம்பக் கம்மிங்கறதால 2006ல 14 பாட்டிங்களுக்கு பயிற்சி குடுத்து ஆஸ்பத்திரிக்கு வெளிய ஒரு பெஞ்சுல உக்கார வெச்சாரு, மனசு சரியில்லாதவங்க வந்து அவங்ககிட்ட பேசுவாங்க. 2016ல வந்த ஆய்வு முடிவுல அந்த பெஞ்சுக்குப் போனவங்களுக்கு மன அழுத்தம் நல்லாவே கொறஞ்சிருந்துச்சு. நம்ம நாகப்பட்டினத்துலயே 2004 சுனாமிக்கு அப்புறம் பெங்களூர்ல இருக்கற நிம்ஹான்ஸ்ங்கற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரிக்காரங்க வந்து உள்ளூர் ஆளுங்களுக்கும் டீச்சருங்களுக்கும் பயிற்சி குடுத்தாங்க.

பயிற்சியில கத்துக்க வேண்டியது பாதிக்கு மேல, வாய மூடிக்கிட்டு கேக்கறதுதான். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர் பேச, இன்னொருத்தர் அஞ்சு நிமிஷம் அறிவுரையே சொல்லாம கேக்கணும். செஞ்சு பாருங்க, எவ்ளோ கஷ்டம்னு தெரியும், ஒரு நிமிஷத்துலயே "உனக்கென்ன குறைச்சல்", "புள்ளைங்க மொகத்த நெனச்சுப் பாரு"ன்னு ஆரம்பிச்சுடுவோம். அந்த பேச்செல்லாம் அவங்களுக்கு இன்னும் குத்த உணர்ச்சியத்தான் ஏத்தும். "ரொம்ப தாங்க முடியாமப் போச்சா, எப்பலேருந்து இப்படி இருக்கு?"ன்னு கேளுங்க, போதும். ஏதாவது செஞ்சுக்க யோசிச்சு வெச்சிருக்காங்களா, அதுக்கான பொருள் கைக்கு எட்டுற எடத்துல இருக்கான்னும் கேக்கணும், ஆமான்னா அவங்கள தனியா விடாம பூச்சிமருந்து, மாத்திரையெல்லாம் வீட்ட விட்டே அப்புறப்படுத்திடணும். காட்டுமன்னார்கோவில் பக்கம் பூச்சிமருந்த வீட்டுல வெக்காம ஊருக்குப் பொதுவா ஒரு எடத்துல பூட்டி வெக்க தற்கொலையத் தடுக்க வேலை செய்யற சென்னை சினேகா அமைப்பு ஏற்பாடு பண்ணி ஆய்வே செஞ்சாங்க, உங்க குழுவும் அத யோசிக்கலாம். அப்புறம் 14416க்கு போன் போடுங்க, அது டெலி மானஸ்னு 2022ல வந்த அரசாங்க இலவச சேவை, தமிழ்லயே ராத்திரி பகல் எப்பவும் பேசலாம்.

யாராவது உயிர விட முயற்சி பண்ணா, போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து மறைக்கிறாங்க, அது வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தோட 115ஆவது பிரிவு, முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது.

கேள்வி: எங்க தெருவுல ஒரு அண்ணன் திடீர்னு "என்னக் கொல்ல வர்றாங்க"ன்னு கத்துவாரு, கல்ல எடுப்பாரு. எல்லாரும் சேந்து கயித்துல கட்டிப் போட்டுடறாங்க. பாக்கவே மனசு கேக்கல. பசங்க நாங்க என்ன செய்யலாம்?
– வாசகர், பரமக்குடி

பதில்: தம்பி, உங்க ராமநாதபுரம் மாவட்டத்துல, ஏர்வாடியில, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநோயாளிங்கள வெச்சிருந்த ஒரு காப்பகம் தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டிக் கெடந்தவங்க ஓடக்கூட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. அத மறக்கவே கூடாது. சங்கிலி போடறத இப்போ சட்டமே தடை பண்ணியிருக்கு.

அந்த அண்ணன் அந்த நேரத்துல நெஜமாவே உயிர் பயத்துல இருக்காரு. அவருக்கு எதிர்ல 20 பேரு கம்போட நின்னா பயம் ஏறுமா கொறையுமா? அதனால மொத வேலை கூட்டத்தக் கலைக்கறது, செல்போன்ல வீடியோ எடுக்கறவன நிறுத்தறது. அப்புறம் அவருக்குப் பழக்கமான ஒரே ஒரு ஆளு, கொஞ்சம் தள்ளி நின்னு, அவரு வெளிய போற வழிய மறிக்காம, மெதுவா பேசணும். "அப்படி யாரும் வரல, பைத்தியமா உனக்கு"ன்னு வாதாடாதீங்க, "ஆமாண்ணே, நானும் பாத்தேன்"னு பொய்யும் சொல்லாதீங்க. "பயமா இருக்குதாண்ணே, நான் இங்கயேதான் இருக்கேன், தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேளுங்க. அடங்கலன்னா 108. தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துங்கற நெலமையில இருக்கறவர பாதுகாப்பாக் கூட்டிட்டுப் போற பொறுப்பு போலீசுக்கும் இருக்கு, அவர ஸ்டேஷன் லாக்கப்புல வெக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்.

அவரு அமைதியா இருக்கறப்போ வீட்டுல கேட்டுப் பாருங்க, மாத்திரைய நிறுத்திட்டாங்களான்னு. நல்லாயிடுச்சுன்னு நெனச்சோ, பஸ்சுக்கு காசில்லாமலோ நிறுத்திடறாங்க. மாவட்ட மனநலத் திட்டத்துல மருந்து இலவசம், மாசா மாசம் ஒரு பையன் கூடப் போனா போதும். பயிற்சின்னு நடத்தினா ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்களையும் டீக்கடை அண்ணனையும் சேத்துக்கோங்க, சம்பவம் நடக்கறப்போ அங்க இருக்கப் போறது அவங்கதான்.

கேள்வி: பயிற்சி எடுத்தேன் மேடம், இப்ப ஊர் பிரச்சனையெல்லாம் என்கிட்டதான் வருது. எனக்கே தூக்கம் போச்சு.
– வாசகி, மணப்பாறை

பதில்: தனியா செய்யாதீங்க, உங்ககூட இன்னொருத்தர சேத்துக்கோங்க, நேரத்த முறை போட்டுப் பிரிச்சுக்கோங்க. கேட்டத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுதான், ஆனா உயிருக்கு ஆபத்துன்னா அந்த ரகசியத்த நீங்க சுமக்க வேண்டாம், வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்கும் டாக்டருக்கும் சொல்லியே ஆகணும், இத ஆரம்பத்துலயே அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நீங்க வைத்தியம் பாக்கறவங்க இல்ல, கையப் புடிச்சு அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கிறவங்க. பயிற்சி குடுத்தவங்ககிட்ட மாசத்துக்கு ஒரு நாளாவது உங்களையெல்லாம் உக்கார வெச்சுப் பேசச் சொல்லிக் கேளுங்க, அது உங்க உரிமை. தூக்கம் இப்படியே தொடர்ந்தா நீங்களும் 14416க்கு பேசுங்க.