தனியாக விளையாடும் சாகச கேம்புக்குகள் எப்படித் திரும்பி வந்தன?

"1980களில் வந்த, பகடையும் பென்சிலும் வைத்துத் தனி ஆளாக விளையாடும் மாயாஜால சாகசப் புத்தகங்கள் மறுபடியும் அச்சில் வருகின்றனவாமே? போனிலேயே ஆயிரம் கேம் இருக்கும்போது இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? புதிதாக ஒருவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். என் மேசை இழுப்பறையில் இரண்டு பகடை, ஒரு பென்சில், ஒரு ரப்பர் எப்போதும் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேம்புக் என்கிற இந்தப் புத்தகங்களைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக முதலில் இது. 1982இல் பஃபின் வெளியிட்ட ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்’ புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே 400 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கதை முழுக்க ‘நீ’ என்றே உங்களிடம் பேசும். மலைக்குகைக்குள் நுழைகிறீர்கள், பாதை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே போவதென்றால் 71ஆம் பத்தி, கிழக்கே என்றால் 278. பக்கத்தைப் புரட்டி அங்கே போக வேண்டும். போகிற வழியில் வேறு யாருடைய விதியோ எழுதியிருக்கும். கண் தானாக அந்தப் பக்கம் ஓடும், அதை இழுத்துப் பிடித்து உங்கள் எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். வரிசையாகப் படித்தால் ஒன்றுமே புரியாது.

எதிரி வந்தால் பகடைதான். ஆரம்பத்திலேயே மூன்று எண்களை உருட்டி எழுதிவைத்திருப்பீர்கள். ஸ்கில்லுக்கு (சண்டைத் திறமை) ஒரு பகடையோடு 6, ஸ்டாமினாவுக்கு (உயிர்ச்சக்தி) இரண்டு பகடையோடு 12, லக்குக்கு (அதிர்ஷ்டம்) ஒரு பகடையோடு 6. சண்டையில் எதிரிக்கு இரண்டு பகடை உருட்டி அதன் ஸ்கில்லைக் கூட்ட வேண்டும், உங்களுக்கும் அப்படியே. யாருடைய தொகை குறைவோ அவருக்கு ஸ்டாமினாவில் 2 போகும். எதிரிக்காக உருட்டுவதும் உங்கள் கைதான், இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களைக் கொல்ல வந்த பூதத்துக்கு நீங்களே இரண்டு ஆறு போட்டுக் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடி உருட்டினால் கேட்க ஆள் கிடையாது. இருந்தும் உருட்டாமல், தாளில் 4ஐ ரப்பரால் அழித்துவிட்டு 2 என்று எழுதுகிறீர்களே, அப்போது அடிவயிற்றில் ஒன்று பிசையும். திரையில் உயிர்ப்பட்டை தானாகக் குறையும்போது எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. என்னுடைய முதல் தாளில் ஸ்டாமினா கட்டத்தை அழித்து அழித்து அந்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

லக் அதைவிட அழகான ஏற்பாடு. இரண்டு பகடையின் தொகை உங்கள் லக்கைத் தாண்டாவிட்டால் தப்பித்தீர்கள். ஆனால் சோதித்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், லக்கில் 1 குறையும். லக் 9 இருக்கும்போது பலிக்கும் வாய்ப்பு 36க்கு 30. அது 7க்கு இறங்கினால் 36க்கு 21தான். அதாவது அதிர்ஷ்டம் சேமித்துச் செலவழிக்க வேண்டிய சொத்து. இந்தச் சின்ன விதி ஒன்றே எத்தனையோ பெரிய கேம்களைவிட எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கில் ஒற்றைப் பகடையில் முடிவாகிறது. 1 விழுந்தால் 7, 6 விழுந்தால் 12. எதிரியைவிட உங்களுக்கு 3 கூடுதலாக இருந்தால், ஒரு சுற்றில் உங்கள் அடி விழும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம், அவன் அடி விழுவது 16 சதவீதம். உங்களுக்கு 3 குறைவு என்றால் இதே கணக்கு அப்படியே தலைகீழ். முதல் உருட்டலிலேயே உங்கள் தலையெழுத்து பாதி எழுதியாகிவிடுகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு யோசித்து வழி தேர்ந்தெடுத்தாலும் பலனில்லை. நான் ஸ்கில்லுக்கு மட்டும் இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அதேபோல் பழைய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்ப்பதும் தப்பில்லை. இந்தப் புத்தகங்களில் வளர்ந்தவர்கள் எல்லோரும் ஐந்து விரலையும் ஐந்து பக்கத்தில் செருகி வைத்தவர்கள்தான்.

ஃபயர்டாப் புத்தகத்துக்கு முன்னாலும் முயற்சிகள் இருந்தன. 1976இல் ‘பஃபலோ காசில்’ வந்தது. தனியாக ஆடலாம், ஆனால் ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ என்ற கேமின் விதிப்புத்தகம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். 1979இல் ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ வரிசை வந்தது. அதில் தேர்வு மட்டும்தான், பகடை கிடையாது. பிரிட்டனின் விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் இருவரான ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் விதி, கதை இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்து குறைந்த விலையில் எல்லோர் கைக்கும் சேர்த்தார்கள். ஃபயர்டாப்பில், குகைக்குள் ஓடும் ஆறு வரைக்கும் லிவிங்ஸ்டன் எழுதினார், ஆற்றைத் தாண்டிய பிறகு ஜாக்சன். (அமெரிக்காவில் இதே பெயரில் இன்னொரு ஸ்டீவ் ஜாக்சன் உண்டு. அவரும் இதே வரிசையில் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். வாங்கும்போது குழம்ப வேண்டாம்.) ஃபயர்டாப்போடு தொடங்கிய ‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ வரிசை 1995க்குள் 59 புத்தகங்களைத் தொட்டது. அதற்குள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கேம் பக்கம் போய்விட்டார்கள். 60ஆவதாக அறிவித்திருந்த ‘பிளட்போன்ஸ்’ வெளிவராமலே வரிசை நின்றது.

சரி, ஏன் திரும்பி வந்தன என்ற கேள்விக்கு வருகிறேன். இளமைக்கால ஏக்கம் என்று பலர் சொல்வார்கள். ஏக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏக்கம் மட்டும் என்றால் பழைய புத்தகக் கடையில் பழைய பிரதியை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டால் போதுமே. என்னைப் போன்றவர்கள் புதிதாக எழுதச் சொல்லிப் பணம் கட்டினோம், காரணம் எங்கள் கதைகள் பாதியில் நின்றிருந்தன.

‘தி வே ஆஃப் தி டைகர்’ என்று ஒரு வரிசை. 1985இல் தொடங்கியது, மார்க் ஸ்மித், ஜேமி தாம்சன் எழுதியது. அதில் நீங்கள் ஒரு நிஞ்சா. ஆறாவது புத்தகம் 1987இல் வந்தது. அதன் முடிவில் பாதாளத்துக்குள், ராட்சதச் சிலந்தியின் வலையில் நீங்கள் ஒட்டிக்கொள்கிறீர்கள். அவ்வளவுதான், முற்றும். அடுத்த புத்தகம் வரவில்லை. சாதாரணக் கதை என்றால் அது கதாநாயகனின் பாடு. இங்கே மாட்டிக்கொண்டது நீங்கள். அந்த ஆறு புத்தகத்திலும் உங்கள் கையெழுத்தில் தாள் இருக்கிறது, எந்தெந்த வித்தை கற்றீர்கள் என்று குறித்துவைத்திருக்கிறீர்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்த வலையிலேயே தொங்கினோம். பிறகு இணையத்தில் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்கள் பணம் போட்டு, பழைய ஆறும் மறுபதிப்பாகி, ஏழாவதும் வந்தது. அந்தப் பத்தியைப் படித்து வலையிலிருந்து இறங்கிய அன்று எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஜோ டெவரின் ‘லோன் வுல்ஃப்’ கதையும் இப்படித்தான். 1984இல் ஆரம்பம். மடாலம் அழிக்கப்பட்டு, ஒரே ஒரு மாணவன் மட்டும் உயிர் தப்புகிறான், அது நீங்கள். இதில் பகடை வேண்டாம். கடைசிப் பக்கத்தில் எண் கட்டங்கள் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தால் 0 முதல் 9 வரை ஏதோ ஒன்று வரும். ஒரு புத்தகத்தில் பிழைத்தவன் தன் திறமைகளோடு அடுத்த புத்தகத்துக்குப் போகலாம். 32 புத்தகம் என்பது திட்டம், 1998இல் 28ஆவதோடு நின்றது. டெவர் ஒரு பெரிய மனசு செய்தார்: 1999இல், தன் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் போட வாசகர்களுக்கே அனுமதி கொடுத்தார். ‘புராஜெக்ட் ஏயான்’ என்ற தன்னார்வக் குழு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றியது. அச்சில் செத்துவிட்ட வரிசை உயிரோடு இருந்தது இவர்களால்தான் என்பேன். 29ஆவது 2016இல் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் டெவர் இறந்தார். அவர் மகன் பென், இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து வேலையைக் கையில் எடுத்தார். 2019இல் 30ஆவது வந்தது. அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் எழுதினார், சிறுவயதில் தொடங்கியவர்கள் நடுவயதில் தொடர்ந்து படித்தார்கள்.

ஃபைட்டிங் ஃபேன்டஸி பக்கம் 2002இல் விசார்ட் புக்ஸ் பதிப்பகம் மறுபதிப்பைத் தொடங்கியது. 2006இல் அந்தப் பழைய ‘பிளட்போன்ஸ்’ ஒருவழியாக வெளிவந்தது. 2017இல் வரிசையை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 2022இல், 40ஆம் ஆண்டுக்கு, லிவிங்ஸ்டன் ஒரு புதிய புத்தகம் எழுத, ஜாக்சனும் ஜோனதன் கிரீனோடு சேர்ந்து ஒன்று எழுதினார்.

போனில் இதே கதைகள் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் டின் மேன் கேம்ஸ் நிறையச் செய்திருக்கிறது. ஜாக்சனின் ‘சார்சரி!’ வரிசையை இங்கிள் நிறுவனம் 2013 முதல் ஆப்பாக மாற்றியது, அருமையான வேலை. ஆனால் காகிதத்தில் மட்டும் சாத்தியமான ஒரு தந்திரம் உண்டு, அதை நானே எழுதிப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

ஒரு விடுமுறையில் 60 பத்தியில் சின்னதாக ஒரு கேம்புக் எழுதினேன். பத்திக்கு ஒரு அட்டை, தரை முழுக்கப் பரப்பி, நூலால் இணைத்து, கடைசியில் அட்டைகளைக் கலைத்து எண் போட்டேன். கலைக்காவிட்டால் அடுத்த பக்கத்திலேயே விடை தெரிந்துவிடும். கதையில் ஒரு கோபுரம் வரும், ஏறும்போது 34 படி என்று போகிற போக்கில் ஒரு வரி. ரொம்ப நேரம் கழித்துப் பாலத்துக் காவலன் கேட்பான்: "மேலே போய் வந்தேன் என்கிறாயே, எத்தனை படி? அந்த எண்ணுள்ள பத்திக்குப் போ." அங்கே எண் அச்சாகியிருக்காது. தெரிந்தவர் நேராக 34க்குப் போவார். தெரியாதவருக்கு எந்தப் பத்திக்குப் போவது என்றே தெரியாது. என் தங்கை பென்சிலைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று "படி!" என்று கத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். ஃபயர்டாப் மலையிலும் இந்த வகைப் பூட்டு ஒன்று இருக்கிறது, சாவிகளில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டும். அதற்கு மேல் சொன்னால் உங்கள் சுகத்தைக் கெடுத்தவன் ஆவேன். திரை என்றால் விடைக்கு ஒரு பெட்டியைக் காட்டியாக வேண்டும். காகிதம் ஒன்றுமே காட்டாமல் உங்கள் நினைவை நம்புகிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? செலவே வேண்டாம் என்றால் புராஜெக்ட் ஏயான் தளத்தில் லோன் வுல்ஃப் முதல் புத்தகம், ‘ஃபிளைட் ஃப்ரம் தி டார்க்’. பகடைகூடத் தேவையில்லை. அச்சுப் புத்தகம் கையில் வேண்டும் என்றால் ஃபயர்டாப் மலை. அதன் உட்பகுதிச் சுரங்கங்களில் சுற்றிச் சுற்றிக் குழம்புவீர்கள், அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு தனித்தாளில் வரைபடம் போடுங்கள். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி திரும்பத் திரும்ப 1ஆம் பத்திக்கு வருவீர்கள், அது வழக்கம்தான். ஜாக்சனின் ‘கிரீச்சர் ஆஃப் ஹேவக்’ பக்கம் மட்டும் ஐந்தாறு புத்தகம் முடித்த பிறகு போங்கள். அதில் நீங்களே ஒரு மிருகம். ஆரம்பத்தில் எங்கே திரும்புவது என்பதுகூட உங்கள் கையில் இருக்காது, காதில் விழும் பேச்சு எழுத்துக் குளறுபடியாக இருக்கும், அதை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். பிரமாதமான புத்தகம். ஆனால் புதியவரை விரட்டிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது டேவ் மாரிஸ், ஜேமி தாம்சன் எழுதிய ‘ஃபேபிள்ட் லேண்ட்ஸ்’. இதில் முடிவு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புத்தகமும் அந்த உலகின் ஒரு பகுதி, எல்லையைத் தாண்டினால் இன்னொரு புத்தகத்தின் எண்ணுக்குப் போகச் சொல்லும். வீடு வாங்கலாம், கப்பல் வாங்கலாம், சரக்கு ஏற்றி வியாபாரம் பண்ணலாம். நீங்கள் செய்த காரியங்களைச் சங்கேதச் சொற்களாகக் குறித்துவைப்பீர்கள், முதல் புத்தகத்தில் அவை எல்லாம் ஆங்கிலத்தின் முதல் எழுத்திலும் இரண்டாவதில் இரண்டாம் எழுத்திலும் தொடங்கும். 12 புத்தகம் என்று 1995இல் சொன்னார்கள், ஆறோடு நின்றது. ஏழாவது 2018இல், அதுவும் வாசகர் பணத்தில். மிச்சம் ஐந்து அப்போதும் பாக்கி. என் கப்பல் இப்போது யெல்லோபோர்ட் துறைமுகத்தில் நிற்கிறது, அடியில் மரம் ஏற்றியிருக்கிறேன். தெற்கே போகலாமா என்று பார்க்கிறேன்.