சீருடைக்குத் தள்ளுபடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு ஷூ கடையில் தீயணைப்பு வீரர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். லாபமா? (குழித்துறை வாசகர்)

பதில்: எந்த விலையில் 20 சதவீதம் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதுதானே முக்கியம்? பெட்டியில் எம்.ஆர்.பி. 5,000 என்றால் உங்களுக்கு 4,000. அதே ஷூவை இரண்டு கடை தள்ளி யார் கேட்டாலும் 3,600-க்குத் தந்தால் அந்த போர்டால் என்ன பயன்? எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற வரம்பு மட்டும்தான். முதலில் தள்ளுபடிப் பேச்சே எடுக்காமல் விலை கேளுங்கள். அப்புறம் கார்டை எடுங்கள். பில் வாங்குங்கள்.

கேள்வி: தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொல்லி, ஐ.டி. கார்டு, ஆதார் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: கூடாது. கார்டைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. எத்தனை தடவை எழுதியாயிற்று! ‘பட்டாளத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, பைக்கை மலிவாகத் தருகிறேன்’ என்று ஏமாற்றுகிறவர்களுக்குத் தேவைப்படுவதே இப்படி ஓர் அசல் கார்டின் படம்தான். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: நான் 108 ஆம்புலன்சில் வேலை பார்க்கிறேன். அரசு கார்டு இருந்தால்தான் தள்ளுபடி என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: தனியார் கடை யாருக்குக் குறைப்பது என்பது அவர்கள் விருப்பம், சட்டப்படி கேட்க முடியாது. ஆனால் களியக்காவிளை ரோட்டில் நடந்த எத்தனையோ விபத்துகளில் எங்கள் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் வந்து நின்றது உங்கள் வண்டி. கடைக்காரர்கள் போர்டில் ‘108’ என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: எங்கள் நிலையத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் போர்டு எதுவும் இல்லை. ஆனால் யூனிபார்மோடு போனால் கால்வாசி விலையைக் குறைக்கிறார்கள். வாங்கலாம்தானே? (பெயர் வேண்டாம் என்ற இளம் தீயணைப்பாளர்)

பதில்: வாங்காதீர்கள், தம்பி. அந்தக் கடைக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்றால் ஆய்வுக்குப் போகிறவர் உங்கள் நிலைய அலுவலர். மாடிப்படியில் துணி மூட்டை கிடந்தால் எடுக்கச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஒரு சேலையில் 500 ரூபாய் குறைத்தவரிடம் பின்வாசல் பூட்டைக் கழற்றச் சொல்ல நாக்கு எழுமா?

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு பெரிய கடைக்கு ஆய்வுக்குப் போனோம். மூன்றாம் மாடியில் அவசர வழி முழுக்கப் பண்டிகைச் சரக்கு. நான் வாய் திறப்பதற்குள் முதலாளி, எங்களோடு வந்த பையனைக் காட்டி, “தம்பி கல்யாணத்துக்குப் பட்டு நம்ம கடைதான், நான் ரேட்டே பார்க்கல” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சரக்கை அன்றே எடுக்க வைத்தோம். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2017 மே கடைசியில் சென்னை தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தபோது தீயை அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. துணிக்கடைத் தீ அப்படிப்பட்டது. புகை அடைத்துவிட்டால் வழி தெரியாது. 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அன்பளிப்பு விஷயத்தில் கட்டுப்பாடு விதிக்கின்றன.

வெளியே போர்டு வைத்து, காவலர், தீயணைப்பு, 108 எல்லாருக்கும் ஒரே கணக்கில் குறைத்து, பில்லிலும் காட்டினால் அது வேறு. அப்போதும் யூனிபார்மில் போகாதீர்கள், கார்டைக் காட்டுங்கள். ஏப்ரல் 14, 1944 பம்பாய் துறைமுக வெடிப்பில் இறந்த வீரர்களின் நினைவுக்கான தீத்தொண்டு நாள். அன்று எங்களுக்கு மரியாதை செய்ய நினைக்கும் கடைக்காரர்கள் படிக்கட்டைக் காலி செய்து காட்டட்டும்.

கேள்வி: தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் இருக்கிறேன். ஓணத்துக்குப் பாறசாலைப் பக்கம் கேரள அரசின் ‘சப்ளைகோ’ கடையில் மானிய விலையில் வாங்க முடியுமா?

பதில்: அதற்குக் கேரள ரேஷன் கார்டு வேண்டும். யூனிபார்முக்கு அங்கே வேலை இல்லை. துணிக்கு என்றால் கோ-ஆப்டெக்சில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி எல்லாருக்கும் உண்டு. அரசு ஊழியருக்குத் தவணை வசதியும் இருக்கிறது.

கேள்வி: டெக்சாசில் என் மருமகன் வாரக் கடைசியில் தன்னார்வத் தீயணைப்பாளர். அவருக்குத் தள்ளுபடி கிடைக்குமா?

பதில்: பல கம்பெனிகளில் கிடைக்கும். அந்த நாட்டில் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள்தான். ஐ.டி.மீ மாதிரி சரிபார்க்கும் சேவை ஒன்றில் ஒரு தடவை பதிந்தால், அதை ஏற்கும் கடைகளிலெல்லாம் செல்லும். அந்தத் தள்ளுபடி அவருக்கு மட்டும். உங்கள் ஊருக்கு இரண்டு ஷூ வாங்கி அனுப்பச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய மிக்சி பழுது. ‘சலுகைப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: பழுதான பொருளுக்கு அந்தப் பேச்சு செல்லாது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தேடி எடுத்து வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.