கறி குறைந்தால் டப்பா மாவு வாங்க வேண்டுமா?

யாங்கூனில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “விலைவாசியால் இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் கறி. 15 வயது மகள் எப்போதும் சோர்ந்து படுக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் புரத மாவு டப்பாவைத் தவணையில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? மாமியார் சுத்த சைவம், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறார்.”

வாங்காதீர்கள் சகோதரி. தவணையில் மாவு விற்பவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்கள் மகளுக்குக் கடன்தான் மிஞ்சும். அப்படி ஒரு டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முதலில் போட்டிருந்தது சர்க்கரை. ஒரு கரண்டியில் இருந்த புரதம் ஒரு முட்டை அளவுகூட இல்லை. சொந்தக்காரர், கோயிலில் பார்க்கிறவர் என்று முகத்துக்காக வாங்குகிறோம். அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் போதும். மூன்று வேளைச் சோற்றிலேயே அதில் பாதி வந்துவிடும். 50 கிராம் பருப்பில் 11, ஒரு முட்டையில் 6, காலையில் ஒரு கிண்ணம் பேப்யோவில் (அவித்த பயறு) 8 கிராம். கணக்கு முடிந்தது. இந்தியாவுக்கே உளுந்தும் துவரையும் கப்பலேற்றும் நாட்டில் இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பாவைத் தேடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கடலை மாவில் கிண்டிய ஷான் தோஃபுவும் நல்லதுதான்.

மகளின் சோர்வுக்குப் புரதத்தைவிட இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதவிலக்கு வரும் வயது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அதோடு நம் பழக்கம் வேறு. டீக்கடை மேசையில் கெட்டிலில் வைக்கும் வெறும் டீயைச் சோற்றோடு சேர்த்துக் குடிக்கிறோமே, அது இரும்பைத் தடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். பேப்யோவில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். அப்புறம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். சோர்வு என்று போனால் ரத்தம் பார்க்காமலே குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும் கிளினிக்குகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதில் இரும்பு துளியும் கிடையாது.

மாமியார் விஷயம் தனி. இங்கே மட்டும் பருப்பும் கீரையும் போதாது. பி12 என்ற சத்து செடிகொடியில் இல்லை. மீன், முட்டை, கறி, பாலில்தான் இருக்கிறது. இட்லி மாவு புளித்தால் வரும் என்பார்கள், நம்பாதீர்கள். பாலும் தயிரும் தினமும் சேர்த்தால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் டீயில் ஊற்றும் டின் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல டின்களில் சர்க்கரையும் பாமாயிலும்தான் அதிகம். இதற்கு மேல், மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உணவில் இருக்கும் பி12கூட உடம்பில் சரியாகச் சேராது. காலில் மரமரப்பு, ஊசி குத்துவது போல வலி, மறதி வந்தால், “வயசாச்சு”, “சர்க்கரை வியாதிதானே” என்று விட்டுவிடுகிறார்கள். நாள்பட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலே போகலாம். பி12 அளவைப் பார்த்து, குறைவென்றால் மாத்திரையோ ஊசியோ எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்பார்மின் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.