தம்பி, ஐந்து பேர் போதும்

"தண்டையார்பேட்டையிலிருந்து டொராண்டோ வந்து சில மாதம்தான் ஆகிறது, மணலியில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவன் இப்போது பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்குகிறேன், அக்கா, நாலைந்து பேர் சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கொள்ள ஒரு குழு வைத்தால் உருப்படுமா, இல்லை பெரிய வேலையில் இருக்கிற யாரையாவது பிடிப்பதுதான் வழியா" என்று கேட்டிருந்தாய்.

குழு வை, தம்பி. பெரிய ஆள் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் கடைசியாக வேலை தேடிப் பல வருஷம் ஆகியிருக்கும். இன்றைக்கு எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, போனில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் உன்னைப்போல இப்போது விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவனுக்குத்தான் தெரியும். நான் ராயபுரத்துக்காரி, நம் பக்கத்து கேரம் கிளப்புகளைப் பார்த்து வளர்ந்தவள். போர்டைச் சுற்றி நிற்பவன் சாம்பியனாக இருக்கவேண்டியதில்லை, ஸ்டிரைக்கரை எங்கே வைத்தாய், காயின் ஏன் விழவில்லை என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுவான், அடுத்த ஆட்டத்தில் நீ அவனுக்குச் சொல்வாய். குழுவும் அப்படித்தான். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம வடசென்னை செரியன் நகர்ப் பொண்ணு, அந்த போர்டுகளுக்கு நடுவே வளர்ந்தவள்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் இன்ஜினியர் உரிமம் வாங்க ஒரு வருஷம் கனடா அனுபவம் கட்டாயம் என்று இருந்ததை 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். மணலியில் நீ பார்த்த வேலையையே காட்டலாம். ஆனால் அதை 7 பிரிவுகளில் 34 திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீ செய்த வேலையிலிருந்து உதாரணம் எழுதவேண்டும். நம் ஆட்கள் திணறுவது இங்கேதான். எங்கள் குழுவில் ஒருத்தர் "பம்புப் பராமரிப்புப் பணிகளில் ஈடுபட்டோம்" என்று எழுதிக்கொண்டு வந்தார். "ஈடுபட்டோம்னா யாரு? நீங்க என்ன பண்ணீங்க?" என்று எல்லோரும் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பம்பில் கசிவைத் தடுக்கிற மெக்கானிக்கல் சீல் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, எல்லோரும் சீலை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், இவர்தான் டயல் கேஜ் என்கிற அளவுமானியை வைத்துப் பார்த்து, பைப் இழுப்பதால் பம்பின் அலைன்மென்ட் (நேர்கோட்டு அமைப்பு) விலகுகிறது என்று கண்டுபிடித்து, பைப்பைத் தாங்குகிற சப்போர்ட்டை மாற்ற வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய விஷயத்தை "ஈடுபட்டோம்" என்ற ஒரு சொல்லுக்குள் புதைத்து வைத்திருந்தார். தன் வேலையின் மதிப்பு தனக்கே தெரிவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்குத்தான் அது படுகிறது.

ஆட்களைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். எல்லோரும் நம்ம ஏரியா, எல்லோரும் மெக்கானிக்கல் என்றால் எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரிந்திருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்கிற சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதினார்: தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் வந்தது நெருங்கிய நண்பர்களிடமிருந்து இல்லை, எப்போதாவது பார்க்கிறவர்களிடமிருந்து. அதனால் நம் பக்கத்து ஆள் இரண்டு பேர் போதும். இங்கே டொராண்டோ ஸ்கார்பரோ பகுதியில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை ஒருத்தர், கணக்குத் துறையிலோ ஐடியிலோ ஒருத்தர் என்று சேர்த்துக்கொள். ஐந்து பேருக்கு மேல் போனால் எல்லோருக்கும் பேச நேரம் இருக்காது. இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

சம்பளத்தை வெளிப்படையாகப் பேசுங்கள். நம் வீடுகளில் அதைக் கேட்பதே தப்பு என்று வளர்த்துவிட்டார்கள், ஆனால் 1918ல் பின்னி மில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்ததும் நம் பெரம்பூர்ப் பக்கம்தானே, சேர்ந்து பேசுவது நமக்குப் புதிதில்லை. இங்கே 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒன்டாரியோ கம்பெனிகள் பொது விளம்பரத்தில் சம்பளத்தைப் போடவேண்டும், கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கவும் கூடாது. ஆனால் போடுகிற வருஷச் சம்பளத்தின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே 50,000 டாலர் வரை வித்தியாசம் இருக்கலாம். அதில் நீ எந்த இடத்தைக் கேட்கவேண்டும் என்பதைக் குழுவில் இருப்பவர் தன் சம்பளத்தைச் சொன்னால்தான் கணிக்க முடியும். பேசியது வெளியே போகக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடு.

நடத்துவது சுலபம். வாரம் ஒரு தடவை, ஆளுக்குக் கால் மணி நேரம், போன வாரம் செய்கிறேன் என்றதைச் செய்தாயா, அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறாய். அதை ஒருத்தர் எழுதி வைக்கவேண்டும். ஊரில் இருக்கிற உன் பழைய சூப்பர்வைசரோ கூட வேலை பார்த்தவரோ நடுநடுவே கலந்துகொள்ளட்டும், உன் அனுபவத்துக்குச் சாட்சி சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான். இங்கே ஞாயிறு காலை எட்டு மணி என்றால் அங்கே கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை.

இன்சூரன்ஸ் விற்கவும், சங்கிலி வியாபாரத்தில் ஆள் சேர்க்கவும் கட்டாயம் ஒருத்தர் வருவார். முதல் தடவையே வேண்டாம் என்று சொல்லிவிடு, தாட்சண்யம் பார்த்தால் குழு கலைந்துவிடும். அப்புறம், வேலை போனவர் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிடுவார். அந்த வாரம் யாராவது அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும், ஏனென்றால் அவருக்குக் குழு தேவைப்படுவதே அப்போதுதான். நீ சும்மா போன் பண்ணி விட்டுவிடாதே.

உரிமத்துக்கான தொழில்நடைமுறைத் தேர்வுக்கு, அதாவது தொழில் சட்டமும் நெறிமுறையும் கேட்கிற தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும்போது சொல்லு, என்னிடம் இருக்கிற புத்தகங்களைத் தருகிறேன்.