(2025 ஓகஸ்ட் நடுவில் எழுதியது) இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் போட்டியான பிரீமியர் லீக்கின் 2025-26 சீசன் தொடங்கப்போகிறது. உங்கள் அணியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள்?

என் அணி லண்டன் கழகமான ஆர்சனல். எதிர்பார்ப்பு பிரீமியர் லீக் கிண்ணம்தான். இரண்டாம் இடம் வந்தாலும் நல்ல சீசன் என்று சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. பயமும் ஒன்றுதான்: பெப்ரவரி மாதம். லிவர்பூலோ மான்செஸ்டர் சிற்றியோ எங்களை வெல்வதைவிட, எங்கள் ஆட்களின் தொடைத்தசை கிழிவதுதான் எனக்குப் பெரிய பயம்.

மூன்று சீசன்கள் தொடர்ந்து இரண்டாம் இடம். 2023-24இல் 89 புள்ளிகள் எடுத்தும் சிற்றி 91 எடுத்துத் தாண்டிப் போனது. அந்தத் தோல்வியை ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அதற்கு மேல் எங்கள் பெடியளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் போன சீசன் வேறு கதை. லிவர்பூல் 84 புள்ளிகளில் கிண்ணத்தைத் தூக்கியது, நாங்கள் 74. தோற்றது நான்கு ஆட்டங்கள்தான். சமநிலையில் முடிந்தவை 14! முந்தைய சீசனில் 91 கோல் போட்ட அணி 69க்கு இறங்கியது. லீக்கில் எங்களுக்காக அதிக கோல் போட்டவர் காய் ஹவேர்ட்ஸ், அதுவும் 9 கோல்தான். லிவர்பூலின் சாலா தனியாக 29 போட்டார். இதைப் பார்த்த பிறகு நடுவரை மட்டும் திட்டிக்கொண்டிருக்க முடியாது. பிரைற்றனுடன் ரைஸுக்கு, சிற்றியுடன் ட்ரொசார்டுக்கு, போர்ன்மவுத்துடன் சலிபாவுக்கு என்று தொடக்கத்திலேயே சிவப்பு அட்டைகள் வந்தது உண்மை. சிற்றியுடன் பத்துப் பேரோடு இரண்டாம் பாதி முழுக்கத் தாக்குப்பிடித்து, கடைசி நிமிடத்தில் ஸ்டோன்ஸ் போட்ட கோலை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஆனாலும் 14 சமநிலைக்கு அது மட்டும் காரணமில்லை. கோல் போட ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் முக்கியம். செப்டெம்பரில் நோர்வே அணிக்காக ஆடப்போன எங்கள் தலைவர் ஒடெகார்ட் கணுக்கால் காயத்தோடு வந்தார். டிசெம்பரில் கிறிஸ்டல் பலஸ் ஆட்டத்தில் வலது பக்க முன்கள வீரர் சாக்காவின் தொடைத்தசை. ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் மான்செஸ்டர் யுனைட்டட்டுடன் ஆடும்போது ஜேசுஸின் முழங்கால். பெப்ரவரியில் டுபாய்ப் பயிற்சி முகாமில் ஹவேர்ட்ஸின் தொடைத்தசை. கடைசியில் நடுக்கள வீரரான மெரினோவை முன்னால் நிறுத்தி ஆட வேண்டிவந்தது. அந்த மனிதர் குறை வைக்கவில்லை, கோலும் போட்டார். ஆனால் கிண்ணம் வெல்லும் அணி அப்படி ஆடக்கூடாது. ஏப்ரல் 1ஆம் தேதி ஃபுல்ஹாமுடன் சாக்கா திரும்பி வந்து கோல் போட்டு நாங்கள் துள்ளிக் குதித்த அதே இரவில்தான் பின்கள வீரர் கப்ரியேல் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சம்பியன்ஸ் லீக்கில், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ரியல் மட்ரிட்டை 5-1 என்ற கணக்கில் வீழ்த்தியபோதும், அரையிறுதியில் பாரிஸ் அணியிடம் 3-1 என்று தோற்றபோதும் கப்ரியேல் களத்தில் இல்லை.

நெல் குடலைப் பருவத்தில், கதிர் உள்ளே திரளும் நேரம், நிற்கும்போது வாய்க்காலில் தண்ணீர் வராமல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விதைப்பும் பசளையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கிழமைகள் பிழைத்தால் பதர்தான் மிஞ்சும். பெப்ரவரியில் எங்களுக்கு நடப்பது அதுதான்.

சரி, இப்போது நம்பிக்கைக்கு வருகிறேன்.

கோல் போடும் முன்கள வீரர் விக்டர் யோக்கெரெஸ் வந்துவிட்டார். போர்த்துக்கலின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் இரண்டு சீசன்களில் 102 ஆட்டங்கள், 97 கோல்கள். எங்கள் பழைய நட்சத்திரம் ஹென்றி போட்ட 14ஆம் இலக்கச் சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் இப்போதே முகத்தைச் சுளிக்கிறார்கள்: போர்த்துக்கல் லீக்கில் போட்ட கோலை இங்கிலாந்தில் நம்பலாமா, பென்ஃபிக்காவிலிருந்து லிவர்பூலுக்கு வந்த நூனியஸுக்கு என்ன நடந்தது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் யோக்கெரெஸ் இங்கிலாந்தை அறியாதவர் அல்ல, கொவென்ட்ரியில் இரண்டாம் தரப் பிரிவில் அடிபட்டு மேலே வந்தவர். அவர் வருவதால் எனக்குத் தெரிகிற பெரிய மாற்றம் அவருடைய கோல்கள் மட்டுமல்ல. எங்கள் எதிரணிகள் எல்லாம் பெட்டிக்குள் பத்துப் பேரை அடைத்துவைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் இருக்கும் வெளிக்குள் பந்தோடு ஓடுகிற ஒருவன் இருந்தால் அப்படி நிம்மதியாக நிற்க முடியாது. போன சனிக்கிழமை அத்லெட்டிக் பில்பாவோவை 3-0 என்று வென்ற நட்பு ஆட்டத்தில், புதிதாக வந்த நடுக்கள வீரர் சுபிமெண்டி தூக்கிக் கொடுத்த பந்தைத் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். நட்பு ஆட்டம்தான், தெரியும். ஆனாலும் மனம் நிறைந்தது.

சுபிமெண்டி பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தை வாங்குவதற்கு முன்பே அடுத்து எங்கே கொடுப்பது என்று பார்த்துவிடுகிறார். அதனால் ரைஸ் இன்னும் மேலே போய் ஆடலாம். மட்ரிட்டுக்கு அந்த இரண்டு ப்ரீகிக் கோல்களை அடித்த காலைப் பின்வரிசைக்கு முன்னால் காவலுக்கு வைத்திருப்பது வீண். நோர்கோர், மொஸ்கேரா, கெப்பா எல்லோரும் ஆள் குறையாமல் இருக்க வந்தவர்கள். அதுதான் தேவையாக இருந்தது.

மடுவேக்கே விடயத்தில் மட்டும் பல ஆர்சனல் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செல்சியிலிருந்து அவரை வாங்க வேண்டாம் என்று இணையத்தில் கையெழுத்தெல்லாம் வாங்கினார்கள். ஒரு வீரன் கழகத்துக்குள் கால் வைக்கும் முன்பே அப்படிச் செய்வது மிகவும் தவறு. அவர் சாக்காவைவிடச் சிறந்தவரா என்று கேட்பதில் அர்த்தமில்லை. சாக்கா உட்காருகிற நாளில் யார் ஆடுவது என்பதுதான் கேள்வி. சாக்கா முன்பு தொடர்ச்சியாக 87 லீக் ஆட்டங்கள் ஆடியவர். ஆர்சனல் வரலாற்றில் பிரீமியர் லீக்கில் அது சாதனை. அதை ஒரு பெருமையாக நாங்கள் கொண்டாடினோம். அந்தப் பிள்ளையின் கால் அதற்கான விலையைக் கொடுத்தது. ஒக்டோபரில், நவம்பரில் நாங்கள் வென்றுகொண்டிருக்கும்போதே அவரை உட்கார வைக்கும் துணிவு பயிற்றுநர் ஆர்தேட்டாவுக்கு வர வேண்டும். அதனால் இரண்டு புள்ளி போனாலும் பரவாயில்லை. ஆர்தேட்டா மீது எனக்கு மதிப்பு அதிகம், 2019 டிசெம்பரில் அவர் வந்தபோது அணி கிடந்த கிடை எனக்கு மறக்கவில்லை. ஆனால் 2020 எஃப்.ஏ. கிண்ணத்துக்குப் பிறகு பெரிய கிண்ணம் ஒன்றும் வரவில்லை, நம்பிய பதினொரு பேரைக் கடைசிச் சொட்டு வரை ஓடவிடும் பழக்கமும் இன்னும் போகவில்லை.

இன்னும் இரண்டு சின்னக் கவலைகள். ஒடெகார்ட் போன சீசனில் லீக்கில் போட்டது மூன்றே கோல்கள். இடது பக்கம் மார்ட்டினெல்லியும் ட்ரொசார்டும் ஆளுக்கு எட்டு. அந்தப் பக்கத்துக்கு இன்னொருவர் வந்தால் நிம்மதியாக இருக்கும்.

இலங்கையின் வன்னியில் இருந்துகொண்டு லண்டன் கழகத்துக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று இந்தத் தளத்திலேயே முன்பு ஒருவர் கேட்டிருந்தார். நான் விசுவமடுப் பக்கம். 2003-04இல், 26 வெற்றி 12 சமநிலை என்று ஒரு தோல்விகூட இல்லாமல் ஆர்சனல் கிண்ணம் வென்றபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பார்த்த ஆட்டங்கள் கொஞ்சம், பேப்பரில் வாசித்தது மிச்சம். 2006 மே மாதம் பாரிஸில் பார்சலோனாவிடம் 2-1 என்று தோற்ற சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்தான் அந்தக் காலத்தில் நான் கடைசியாகப் பார்த்தது. அந்தக் கோடையில் கழகம் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போனது. இங்கே ஓகஸ்டில் போரால் ஏ9 பாதை மூடப்பட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி, ஆறுதலாக இருந்து ஒரு ஆட்டம் பார்க்கும் நிலை வந்தபோது ஹென்றியும் இல்லை, நான் அறிந்த அணியும் இல்லை. ஆனால் சட்டை அதே சிவப்பு வெள்ளை. மறுபடி ஒட்டிக்கொண்டேன். அன்று முதல் இன்று வரை அவர்கள் லீக் வென்றதை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்க் கழகத்தில் விளையாடும் பெடியளுக்கு உள்நாட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 2021இல் நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்று சுப்பர் லீக்கைத் தொடங்கினார்கள். 10 அணிகளில் வடக்கிலிருந்து ஒன்றும் இல்லை. மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் உதைபந்தாட்டம் எப்படி ஊறிக் கிடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு வலிக்கும்! 2023இல் ஃபிஃபா தடை வேறு, ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை. பிள்ளைகள் சாக்காவின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிவதில் என்ன பிழை? என் மருமகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். மே மாதம் லிஸ்பனில் ஆர்சனல் பெண்கள் அணி பார்சலோனாவை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்ததிலிருந்து, "மாமா, பெண்கள் எடுத்திட்டினம், உங்கட ஆக்கள் எப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லிவர்பூல்காரர்கள் ஊரில் நிறைய. போட்டி என்று வந்தால் விடமாட்டோம். ஆனால் ஜூலை 3ஆம் தேதி கார் விபத்தில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டாவும் தம்பி அன்ட்ரே சில்வாவும் இறந்த செய்தி வந்த அன்று ஒருவரும் அணி பார்க்கவில்லை. கல்யாணம் முடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. இந்த முறை லிவர்பூலின் அன்ஃபீல்டில் ஆடும்போது அந்த மைதானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே நாங்கள் லீக்கில் கடைசியாக வென்றது 2012இல்.

அந்த ஆட்டம் மூன்றாவதாகவே வருகிறது. முதலாவது இந்த ஞாயிறு, ஓகஸ்ட் 17ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைட்டட்டின் ஓல்ட் டிராஃபோர்டில், எங்கள் நேரம் இரவு 9 மணி. யுனைட்டட் போன சீசன் 15ஆம் இடம் வந்தது என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். யோக்கெரெஸை ஸ்போர்ட்டிங்கில் வளர்த்துவிட்ட அமோரிம்தான் இந்தச் சீசன் தொடக்கத்தில் அங்கே பயிற்றுநர், அவரை எப்படிக் கட்டுவது என்று அந்த ஆளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்புறம் லீட்ஸ், லிவர்பூல், ஃபொரெஸ்ட், சிற்றி, நியூகாஸில். செப்டெம்பர் முடிய முதல் ஆறு ஆட்டங்களில் 12 புள்ளி எடுத்தால் எனக்குப் போதும். சிறுபோக அரிவு வெட்டு நடக்கிற நேரம், பகல் முழுக்க வயலில் நின்றுவிட்டு இரவு 9 மணிக்கு ஆட்டம் பார்ப்பது பெரிய விடயமில்லை. சம்பியன்ஸ் லீக்தான் கஷ்டம், நள்ளிரவு 12.30க்கு. ஒக்டோபர் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் 1.30. அதற்கும் இருப்போம்.

யோக்கெரெஸ் லீக்கில் 20 கோல், சாக்கா லீக்கில் 30 ஆட்டம். இந்த இரண்டும் நடந்தால் கிண்ணம் எங்களுக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்றைத்தான் தருவோம் என்றால் சாக்காவின் 30 ஆட்டத்தைத் தாருங்கள்.