துணி துவைத்த சனிக்கிழமை

கேள்வி: கணிதம் படித்தவள், வயது 27. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் லெசோத்தோ நாட்டில், மொகோட்லோங் மலைப்பகுதிக் கிராமப் பள்ளியில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறேன். ஒரு பாட்டி வீட்டில் தனி அறை. வந்த புதிதில் அன்பாக இருந்தார்கள், செசோத்தோ மொழியில் எனக்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள். ஒரு மாதமாக எல்லோரும் விலகுகிறார்கள். பாட்டிகூட வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு நோட்டெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமையானால் ஊரே ஏதாவது சாவுக்குக் கிளம்பிவிடும். போன மாதம் பாட்டியின் தம்பி இறந்தபோதும் வீடு காலி, துணி துவைத்து, பாடக்குறிப்பை முடித்தேன். குளிர் வேறு தாங்கவில்லை. அம்மா திரும்பி வரச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: குளிரும் நோட்டும் இருக்கட்டும் சகோதரி. துணி துவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

இருக்க இடம் கொடுத்தவரின் கூடப்பிறந்தவர் செத்துக் கிடக்கிறார், நீங்கள் கொடியில் துணி காயப்போட்டிருக்கிறீர்கள். தம்பி இறந்தது போன மாதம், ஊர் விலகுவது ஒரு மாதமாக. கணக்கு டீச்சருக்கு இது பிடிபடவில்லையா?

வெளிநாட்டில் தன்னார்வலராகப் போனவர்களிடமிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். பாதிப் பேர் ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பார்கள், ஊரின் எந்தக் காரியத்தில் போய் நின்றோம் என்று மட்டும் எழுதமாட்டார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று கேட்டு வளர்ந்தவர்தானே நீங்கள்? விமானம் ஏறியதும் அது தள்ளுபடியா?

அங்கே சாவு ஏன் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறது என்று யாரையாவது கேட்டீர்களா? பிள்ளைகளும் மருமக்களும் தென்னாப்பிரிக்காவில் வேலையில் இருப்பார்கள், அவர்கள் எல்லை தாண்டி வந்து சேர வேண்டும். வெள்ளி ராத்திரி முழுக்கப் பாட்டும் ஜெபமுமாக விழித்திருப்பார்கள், ஆண்கள் குழி வெட்டுவார்கள், பெண்கள் பெரிய இரும்புப் பானைகளில் வந்த அத்தனை பேருக்கும் சமைப்பார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எச்ஐவி இருக்கும் நாடு அது. சுரங்கத்துக்குப் போன ஆண்கள் காசநோயோடு திரும்பி வந்த நாடு. அப்படிப்பட்ட ஊரில் சனிக்கிழமையை நீங்கள் லீவு நாளாக எடுத்துக்கொண்டீர்கள். பெயர் வைத்தார்கள் என்று சந்தோஷமாக எழுதுகிறீர்கள், அவர்கள் விருந்தாளிக்கா பெயர் வைத்தார்கள்? வீட்டுப் பெண்ணாக எடுத்துக்கொண்டுதான் வைத்தார்கள், அந்த வீட்டுப் பெண் துட்டிக்கு வரவில்லை. நோட்டு வாங்கிக் கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

மொழி தெரியாது என்று சாக்கு சொல்லாதீர்கள். துக்க வீட்டில் என்ன பேசிவிடப் போகிறோம், போய் உட்கார்ந்தால் போதும். மாடு அடிப்பார்களே, நான் சைவமாச்சே என்றும் வேண்டாம். சோளமாவுக் களியும் கீரையும் இருக்கும், அதைச் சாப்பிடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்று சாயங்காலமே பாட்டியின் அறைக்குப் போங்கள். ஒரு பை சோளமாவும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போங்கள், வெறும் கையோடு வேண்டாம். தம்பியைப் பற்றிக் கேளுங்கள். வராதது தப்பு என்று அரைகுறை செசோத்தோவிலேயே சொல்லுங்கள், பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொண்டு போனால் நல்லது. பாடம் நடத்தாத குரலில் சொல்லுங்கள். பாட்டி உடனே முகம் கொடுக்காமல் இருக்கலாம், அது அவர் உரிமை.

அடுத்து எந்த வீட்டில் சாவு என்றாலும், செத்தவரைத் தெரியுமா தெரியாதா என்று பார்க்காமல், பாட்டியோடு கிளம்புங்கள். பேண்ட் வேண்டாம், நீளப் பாவாடை கட்டி, தலையை மூடி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். எப்படிப் போர்த்த வேண்டும் என்று பாட்டியிடமே கேளுங்கள். அங்கே போய் நாற்காலி தேடாமல் நேராகச் சமைக்கும் இடத்துக்குப் போய்க் காய் நறுக்குங்கள். போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், படம் கிடம் எடுத்தீர்களோ, எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. பெண் குளிரில் கஷ்டப்படுகிறாள் என்று தவிக்கிறீர்கள், அது நியாயம்தான். ஆனால் பாட்டியின் தம்பி இறந்த அன்று மகள் ஃபோன் பண்ணியிருப்பாள் அல்லவா, "நீ போகலையா?" என்று கேட்டீர்களா?

டிக்கெட் போடுவதைப் பற்றி இரண்டு சாவு வீட்டுக்குப் போய் வந்தபிறகு எழுதுங்கள், அப்போது பதில் சொல்கிறேன்.